தளும்பிய கிண்ணம்

"அனாரக் கூப்பிட்டா உங்களுக்கு என்ன கொறஞ்சிடும் அண்ணி? அண்ணன் மாத்திரையத் துப்பித் துப்பி..."

"உன் புருஷன் இன்னொருத்தி பேரச் சொல்லிக் கூப்பிடட்டும், அப்புறம் வந்து பேசு..."

"செத்த மனுசன் எங்கேர்ந்து கூப்பிடுவாரு?"

நாத்தனார் தமாரா இப்படிக் கேட்டதும், தேநீருக்கு வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்த சமோவாரின் மூடியைப் பூருல் ஓங்கி வைத்தாள்.

குளிர்காலத்தில் பூருலின் புருஷன் ஒரோஸ்பெக்குக்கு மூளைக்காய்ச்சல். பிழைத்து வந்தார், குதிரைக்குச் சேணம்கூடப் போட்டுப் பார்த்தார். பிறகுதான் புத்தி மறுபடி புரண்டது. கிருமி போய்விட்டது, அதை விரட்டக் கிளம்பிய உடம்பின் படை இப்போது மூளையையே அடிக்கிறது, வயதானவர்களுக்கு அபூர்வமாக இப்படி ஆவதுண்டு, மருந்து தவறாமல் உள்ளே போனால் மீளலாம் என்றார் தலைநகர் பிஷ்கெக்கின் டாக்டர். உள்ளே போனால்தானே? பூருலின் கையைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்கிறார். யாரம்மா நீ என்கிறார். அடுத்த தெரு அனாரைத்தான் கேட்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் யார் வீட்டு வாசலில் குதிரையை நடக்கவிட்டுக்கொண்டிருந்தாரோ, அதே அனார். இத்தனை பிள்ளைகளைப் பெற்றுக் கொடுத்தவளை நினைவிலிருந்து அழித்த படை, அனார் இருந்த மூலையை மட்டும் தொடாமல் விட்டுவிட்டதா?

தமாரா கூட்டிவந்தே விட்டாள். இந்த வயதிலும் அனாரின் முதுகு வளையவில்லை. அவள் நீட்டிய மாத்திரையை ஒரோஸ்பெக் குழந்தை மாதிரி விழுங்கினார். விழுங்கிவிட்டுச் சிரித்தார். தன்னைப் பார்த்து அப்படிச் சிரித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள் பூருல். நினைவுக்கு வரவில்லை.

வந்தவளுக்கு விரிப்பில் ரொட்டி வைத்தாள், பாலாடை வைத்தாள். தேநீர் ஊற்றினாள். விருந்தாளிக்குக் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவது வழக்கம். தீரத் தீர ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் மரியாதை. நிறைத்துக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். பூருல் விளிம்பு வரை ஊற்றினாள். விரிப்பில் சிந்தியது.

தமாரா உதட்டைக் கடித்தாள். அனார் கிண்ணத்தைத் தொடவில்லை. தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

ஒரோஸ்பெக்கின் கண் கிண்ணத்தில் நின்றது. அங்கிருந்து கெண்டியைப் பிடித்திருந்த கைக்கும், கையிலிருந்து பூருலின் முகத்துக்கும் மெல்ல ஏறியது.

"ஏம்மா, வீட்டுக்கு வந்தவங்களுக்கு இப்படியா ஊத்துவாங்க? பூருல் எங்க போனா? என் பொண்டாட்டி. அவளக் கூப்பிடு, அவ பாதிக்கு மேல ஊத்தவே மாட்டா."