தெற்குப் பக்கம்

பங்குச் சுவாமியார் அனுப்புவதாகச் சொன்ன இந்தியன் சிஸ்டருக்காக இம்மாகுலேற் தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. இந்தியாக்காரி என்றால் தோசை சாப்பிடுவா என்பது அவள் கணக்கு. கதவைத் திறந்தால், அகன்ற முகமும் நரைத்த பின்னலுமாக, பார்த்தறியாத சாடையில் ஒரு பெண்.

"அம்மா, இவ கனடா இந்தியன்," என்றாள் மகள் டொலறஸ். "அங்கத்தைய ஆதிச்சனம். கத்தோலிக்க சிஸ்டர்தான்."

"ஐயோ, சாம்பாரும் வைச்சிட்டனே!"

சிஸ்டர் இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டுத்தான் நோயாளியைப் பார்க்கப் போனார். அதிலேயே இம்மாகுலேற்றுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மோர்டனில் இருந்த அந்த வீட்டின் முன்னறையில் அவள் கணவர் ஆனந்தராஜா கண்மூடிக் கிடந்தார். காலையில் சுவாமியார் வந்து, சாகுமுன் எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதல் கொடுத்தாயிற்று. இன்றைக்குத் தாண்டாது என்று நர்ஸும் சொல்லிவிட்டாள். அறை வாசலில், உள்ளே வராமல், கைப்பையை மடியில் இறுக்கியபடி அவருடைய அக்கா கனகாம்பிகை இருந்தாள். தம்பி கிறிஸ்தவ வேதத்துக்கு மாறி இம்மாகுலேற்றைக் கட்டிய நாளிலிருந்து இந்த வீட்டுப் படி மிதிக்காதவள். இல்ஃபோர்டிலிருந்து இன்றைக்கு வந்திருப்பது ஏன் என்று இம்மாகுலேற்றுக்குத் தெரியும். கைப்பைக்குள் திருநீறு இருக்கிறது. கடைசி நேரத்தில் அது அவர் நெற்றியில் ஏறினால், ஞானஸ்நானம், கலியாணம் எல்லாம் இரவல் சட்டை என்றாகிவிடாதா? அதனால் மச்சாளை அவள் போகச் சொல்லவும் இல்லை, உள்ளே கூப்பிடவும் இல்லை.

சிஸ்டரின் கழுத்தில் மணிகள் கோத்த வட்டம் ஒன்று தொங்கியது. மஞ்சள், சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று நாலு கூறு.

"இது என்ன, சிலுவையோ சக்கரமோ?" என்று இம்மாகுலேற் சந்தேகத்தோடு கேட்டாள்.

டொலறஸ் கேட்டுச் சொன்னாள். "மருந்துச் சக்கரமாம். நாலு திசைக்கு நாலு நிறம். சிலுவைதான் அதின்ரை நாலு கம்பியாம், அம்மா. அதை எடுத்தால் சக்கரம் நிக்காதாம்."

சிஸ்டர் அனுமதி கேட்டு, ஒரு சிப்பியில் காய்ந்த இலைகளை வைத்துக் கொளுத்தினார். டொலறஸ் ஓடிப்போய் புகை அலாரத்தின் பற்றறியைக் கழற்றினாள்.

"சாம்பிராணி மாதிரிக் கிடக்கு," என்றது வாசலில் இருந்து மச்சாளின் குரல்.

செபத்துக்குத் திசைக்கு ஒருவர் நிற்க வேண்டும், கிழக்கு எது என்று சிஸ்டர் கேட்டார். வாசலில் இருந்து கை உடனே நீண்டது. "அந்தா, யன்னல் பக்கம். தம்பியை வடக்கை தலைமாடு வைச்சுக் கிடத்தியிருக்கிறியள்!" காலையிலிருந்து அடக்கி வைத்த குறை அது.

சிஸ்டர் கிழக்கில் நின்றார். டொலறஸ் மேற்கு. கணவனின் தலையைத் தடவியபடி இம்மாகுலேற் வடக்கு. கால்மாட்டில், தெற்கில், ஆள் இல்லை. சிஸ்டர் காத்து நின்றார். புகை சுற்றிச் சுற்றி வந்தது. கணவர் கண் திறந்தால் நேரே பார்க்கப்போவது அந்த இடத்தைத்தான் என்று இம்மாகுலேற்றுக்கு உறைத்தது. தானே அங்கே போய் நின்றுவிடலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது.

"மச்சாள், உள்ளுக்கு வாங்கோ," என்றாள். "தெற்கு உங்களுக்கு."

கனகாம்பிகை வந்து தம்பியின் பாதங்களைப் பிடித்துக்கொண்டாள். சிஸ்டர் தன் மொழியில் நாலு திசையையும் அழைத்தார். பிறகு எல்லோருமாகப் பரலோக மந்திரம் சொன்னார்கள். கனகாம்பிகையின் வாயும் ஏதோ முணுமுணுத்தது. அது தேவாரமாகத்தான் இருக்கும்.

ஆனந்தராஜா கண் திறந்தார்.

"அக்கா... எப்ப வந்தனீங்கள்?"

"இப்பத்தான் தம்பி."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. பின்னேரம் மூச்சு மெல்ல நின்றது. இம்மாகுலேற் அழுதாள். அழுகைக்குள்ளேயே அவளுக்கு ஆண்டவருக்கு நன்றி சொல்லத் தோன்றியது. கூப்பிடாமல் விட்டிருந்தால் இந்த மனுசன் ஏக்கத்தோடு போயிருப்பாரே.

சிஸ்டர் இலைச் சாம்பலை மண்ணில் சேர்க்கத் தோட்டத்துக்குப் போனார். இம்மாகுலேற் ஈரத் துணியால் கணவனின் முகத்தைத் துடைத்தாள்.

"மச்சாள், விபூதிப் புதனிலை சுவாமியார் நெத்தியிலை சாம்பல் பூசிவிட்டால், இவர் இரவு வரைக்கும் முகம் கழுவமாட்டார். நான் ஏசுவன், சிரிப்பார்."

கனகாம்பிகை நிமிர்ந்து பார்த்தாள்.

"பையிலை இருக்கிறதை எடுங்கோவன்."

மூன்று விரலால் அக்கா பூசினாள். பிறகு பொட்டலத்தை இம்மாகுலேற்றின் பக்கம் நீட்டினாள். அவள் பெருவிரலில் தொட்டு, அதன் நடுவே ஒரு சிலுவை கீறினாள்.

டொலறஸ் தேத்தண்ணி கொண்டுவந்தாள். இருவரும் கை கழுவாமலே வாங்கிக் குடித்தார்கள். கோப்பைகளின் பிடியில் திருநீறு வெள்ளையாக ஒட்டியிருந்தது.