கும்பிட விட்டவை

“வச்சவை எண்டு சொல்லும். எங்களைக் கும்பிட வச்சவை. எங்கை, ஒருக்காச் சொல்லும் பாப்பம்.” தாச்சியில் வெங்காயத்தைக் கிளறியபடியே தவமலர் திரும்பிப் பார்த்தாள்.

“கும்பிட வச்சவை,” என்றாள் ஞானேஸ்வரி.

“கடையிலை சீனி கேக்கிற மாதிரிச் சொல்லுறீர். குரல் கொஞ்சம் நடுங்கவேணும்.”

“நடுங்கிற மாதிரி அங்கை ஒண்டும் நடக்கேல்லை, தவமக்கா.”

“அதைத்தான் வாயாலை விடாதையும் எண்டுறன்.”

டென்மார்க்கின் ஒடென்சே நகரின் ஓரத்தில் முன்பு முதியோர் இல்லமாக இருந்த இரண்டு மாடிக் கட்டடம் அது. இப்போது செஞ்சிலுவைச் சங்கம் அதில் அகதிகளைத் தங்கவைத்திருந்தது. நடைபாதைச் சுவர்களில் கிழவர்கள் பிடித்து நடந்த மரக் கைபிடிகள் இன்னும் இருந்தன. சமையலறையின் இரண்டு அடுப்புகளில் ஒன்று ஈரானியர்களுக்கு, மற்றது தமிழர்களுக்கு என்று யாரும் சொல்லாமலே பிரிந்திருந்தது. தவமலருக்குப் போன மாதம் இந்த நாட்டிலேயே தங்க அனுமதி கிடைத்துவிட்டது. வீடு கிடைக்கும்வரை இங்கே இருந்தாள். அனுமதி கிடைத்தவள் என்பதால், விசாரணைக்குப் போகிறவர்களுக்கு என்ன சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும் பொறுப்பும் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஞானேஸ்வரியின் சிக்கல் அவளே வாய் கொடுத்துத் தேடிக்கொண்டது. கிழக்கு பெர்லின் வழியாக வந்து இறங்கிய கிழமையில் நடந்த முதல் விசாரணையில், எங்கே படித்தாய் என்று கேட்டார்கள். தெகிவளை சுபத்ரா பௌத்த பாலிகா வித்தியாலயம் என்று சொன்னாள். சொல்லும்போது நிமிர்ந்தும் உட்கார்ந்துகொண்டாள். அந்த ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் எல்லாரும் ஒரு பார்வை பார்ப்பார்கள், அந்தப் பழக்கம். டென்மார்க்கில் அது வேறு விதமாக எடுபட்டது. கொழும்புப் பக்கம் பிறந்தவள், சிங்களம் சரளமாகப் பேசுகிறவள், கப்பல் கம்பனி ஒன்றில் வேலை பார்த்தவள், அதற்கும் மேலாக பௌத்தர்களின் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இவள் ஏன் கொழும்பிலேயே வாழமுடியாது? இரண்டாம் விசாரணையில் கேள்வி இதைச் சுற்றித்தான் இருக்கும் என்று வழக்கறிஞர் எச்சரித்திருந்தார். பதில் சரியில்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். அனுப்பினால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறக்குவார்கள்; தெகிவளையில் வீடு இருந்த இடத்தில் கரிபிடித்த சுவர் இரண்டு நிற்கும்.

“கட்டாயப்படுத்தினவை எண்டு சொன்னா இவங்களுக்கு விளங்கும்,” என்றாள் தவமலர். “சமயம் எண்டால் இவங்கள் காது குடுப்பாங்கள். வீடு எரிஞ்சது எல்லாருக்கும்தானே எரிஞ்சது. இது உமக்கு மட்டும் இருக்கிற சாமான். அதை வீணாக்காதையும்.”

இரண்டாம் விசாரணைக்குப் பஸ்ஸில் போகும்போதும் அந்த ஒரு சொல்லைத்தான் ஞானேஸ்வரி வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். மார்ச் மாதம். வீதியோரத்தில் ஒதுக்கிவிட்ட பனி கறுத்துக் கிடந்தது. சைக்கிள்காரர்கள் அதைச் சுற்றி வளைந்து போனார்கள்.

சுபத்ரா பள்ளிக்கூடம் எப்படித் தொடங்கியது என்ற கதை அவளுக்கு மனப்பாடம். நிறுவுநர் தினத்தில் சிங்களத்தில் ஒரு மாணவி அதைச் சொல்வாள். பிறகு தமிழ்ப் பிரிவிலிருந்து ஒருத்தி தமிழில் சொல்வாள். தமிழ்ப் பிரிவு என்பது பின்பக்கத்து நீளக் கட்டடத்தில் வகுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். அவர்களில் குரல் எடுபடுகிறவள் ஞானேஸ்வரி என்பதால் இரண்டு வருடம் அவள்தான் சொன்னாள். மர வியாபாரி ஒருவரின் மனைவி சுபத்ரா. மகளை மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அனுப்பினார். அங்கே காலையில் எல்லாப் பிள்ளைகளும் மண்டியிட்டு ஜெபிக்கவேண்டும். ‘பௌத்தப் பிள்ளையையும் மண்டியிட வைத்தார்கள்’ என்ற இடத்தில் ஞானேஸ்வரி ஒரு மூச்சு நிறுத்துவாள், மண்டபமும் நிறுத்தும். அந்த அம்மா மறுநாளே மகளை அங்கிருந்து நிறுத்திவிட்டு, மர மடுவம் என்ற பலகைக் கொட்டகையில் நாலைந்து பிள்ளைகளுடன் வகுப்பைத் தொடங்கினார். இந்தப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளையையும் எதையும் கும்பிட வைக்கக்கூடாது என்று அன்றே விதித்தார்.

அந்த விதியின்படிதான் பௌத்தரல்லாத பிள்ளைகள் காலை வழிபாட்டின்போது விறாந்தையில் நிற்பார்கள். சைவப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், மேரிகிறேஸ் என்ற கத்தோலிக்கப் பிள்ளை. பெரியவர்களுக்கு அது மரியாதை. பத்து வயதுப் பிள்ளைக்கு அது வெளியே நிற்பது, அவ்வளவுதான். உள்ளே பூத்தட்டு கைக்குக் கை மாறி வரும். ஒவ்வொரு பிள்ளையும் தொட்டு, பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும். தொட்ட எல்லாருக்கும் அந்தப் புண்ணியத்தில் பங்கு. அரலிப்பூவும் ஓலு என்னும் அல்லிப்பூவும் குவிந்த அந்தப் பித்தளைத் தட்டு கதவுவரைக்கும் வரும். கதவடியில் நிற்கும் கடைசிப் பிள்ளை அதை எடுத்துக்கொண்டு முன்னுக்குப் போய்விடும். விறாந்தைக்கு வராது.

“பூதான் வேணும் எண்டால் மரத்தடியிலை பொறுக்கு,” என்பாள் மேரிகிறேஸ். “எங்கட சுவாமியும் உங்கட சுவாமியும் கோவிச்சுக்கொண்டு போயிடும், பார்.”

ஏழாம் வகுப்பில் ஞானேஸ்வரி அதிபரின் அறைக்குப் போய், தன்னையும் உள்ளே விடச் சொல்லிக் கேட்டாள். அதிபர் ஒல்லியான மனுஷி. கண்டிப் பாணியில் உடுத்திய ஒசரிச் சேலையின் மடிப்பு ஒருநாளும் குலையாது. வீட்டில் கேட்டாயா என்றார். அப்பாவை வரச்சொன்னார். அப்பா வந்து, பிள்ளை ஆசைப்பட்டால் போகட்டும் என்றார். அதற்குப் பிறகும் அதிபர் சில நாள் யோசித்தார். ஒரு திங்கட்கிழமை, கதவடியிலிருந்து இரண்டாவது ஆளாக அவளை நிறுத்தினார்கள். தட்டு வந்தது. தண்ணீர் தெளித்த பித்தளை குளிர்ந்திருந்தது.

அதே ஊர்தான் எண்பத்து மூன்று யூலையில் அவர்கள் வீட்டை எரித்தது. எரித்தவர்களில் யாரையும் அவளுக்குத் தெரியாது. யாராவது தெரிந்தவர்கள் வந்து காப்பாற்றினார்களா என்றால் அதுவும் இல்லை. அந்தப் பூத்தட்டு, எரிந்த வீடு இரண்டையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க அவளால் முடிந்ததில்லை. ஒன்று மற்றதை அழிக்கவுமில்லை. பிறகு கொழும்பில் அகதி முகாம், வடக்கே ஏற்றிப்போன கப்பல், யாழ்ப்பாணம். அப்பா முகாமிலேயே நெஞ்சுவலியில் போனார். அம்மா இப்போது கோண்டாவிலில் சித்தியோடு இருக்கிறாள்.

விசாரணை அதிகாரி சிவப்புச் சட்டம் போட்ட கண்ணாடி அணிந்த பெண். தட்டச்சு இயந்திரத்தை அவரே இயக்கினார். மொழிபெயர்ப்பாளர் சேதுராமன் கும்பகோணத்துக்காரர். கப்பல் கட்டும் தளத்தில் பொறியியலாளர். இலங்கைத் தமிழ் தெரிந்தவர்கள் கிடைக்காத நாட்களில் அவரைக் கூப்பிடுவார்கள்.

“பயப்படாதீங்கம்மா. மெதுவா சொல்லுங்க. உங்க தமிழ் எனக்கு கொஞ்சம் ஃபாஸ்ட்,” என்றார்.

“பொலிஸ் ஸ்டேசனிலை போய்க் கதைச்சனாங்கள்,” என்று அவள் ஓரிடத்தில் சொன்னபோது, “போலீஸ்கிட்ட கதையா சொன்னீங்க?” என்று கேட்டு, தானே சிரித்து, “சாரிம்மா, பேசினீங்க. புரிஞ்சுது,” என்று திருத்திக்கொண்டார். அதிகாரியும் காரணம் தெரியாமல் சிரித்தார். அறை சற்று இளகியது.

பிறகு பள்ளிக்கூடம் வந்தது. அங்கே தமிழ்ப் பிள்ளைகள் எப்படி நடத்தப்பட்டார்கள்? பௌத்த வழிபாட்டில் நீங்கள் கலந்துகொண்டீர்களா?

ஞானேஸ்வரி வாயைத் திறந்தாள். காலையிலிருந்து உருட்டிய சொல் நாக்கில்தான் இருந்தது. ஆனால் வந்தது இதுதான்: “ஓம். எங்களையும் கும்பிட விட்டவை.”

சேதுராமன் தலையசைத்துவிட்டு டேனிஷில் சொன்னார். தட்டச்சு ஓடியது. அந்த வாக்கியத்தில் ஒரு சொல் அவள் காதில் தட்டியது. ட்வுங்கெட். அவர்கள் தங்கியிருக்கும் கட்டடத்துக்கு வரும் டேனிஷ் ரீச்சர் ஒவ்வொரு சனிக்கிழமையும், கடற்கரைக் காற்றில் நடக்கக் கூப்பிடும்போது சொல்வது: யாரும் ட்வுங்கெட் இல்லை. யாருக்கும் கட்டாயமில்லை. அப்படிச் சொல்லியும் எல்லாரும் போய்க் குளிரில் விறைத்துவிட்டு வருவார்கள்.

அதிகாரி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். முதன்முறையாக அந்தப் பார்வையில் இரக்கம் தெரிந்தது. அடுத்த கேள்விகள் மெதுவாகவே வந்தன. வீடு எரிந்ததை, அப்பாவை, கப்பலை அவள் சொன்னாள். எல்லாம் நடந்தது நடந்தபடி. சொல்லும்போதே உள்ளே ஒன்று கணக்குப் போட்டது: நான் பொய் சொல்லவில்லை. நான் சொன்னது சரியான சொல். பிழை அவருடையது. இது தானாக வந்து விழுந்தது. தவமக்காவிடம் சொன்னால் கடவுள் செய்தது என்பாள்.

கடைசியில் எழுதியதை அதிகாரி வரி வரியாக வாசிக்க, சேதுராமன் தமிழில் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் அவள் ஓம் என்றாள்.

“ஸ்கூல்ல உங்களை புத்தரைக் கும்பிட வெச்சாங்க. சரியாம்மா?”

அதிகாரியின் விரல் அந்த வரியில் நின்றது.

“விட்டவை எண்டுதான் நான் சொன்னனான்,” என்றாள்.

“அதான்மா. எங்க ஊர்ல அழ விட்டுட்டான்னா, அழ வெச்சுட்டான்னு அர்த்தம்.”

“எங்கட ஊரிலை விட்டவை எண்டால் வச்சவை இல்லை. நான் போய்க் கேட்டனான். அதுக்குப் பிறகு விட்டவை.”

சேதுராமனுக்குப் புரிந்தது. முகம் சிவந்தது. ஒருமுறை அதிகாரியைப் பார்த்துவிட்டு, சாதாரணமாக ஏதோ விளக்குகிறவர் போல, குரலை மாற்றாமலே சொன்னார்: “அம்மா, தப்பு என்னோடது. ஆனா இது இருந்தா உங்களுக்கு நல்லது. நான் மாத்தச் சொல்லவா, வேணாமா? நீங்களே சொல்லுங்க.”

என்ன பேசுகிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். சேதுராமன் கையைச் சற்று உயர்த்திப் பொறுக்கச் சொன்னார். வெளியே யாரோ சைக்கிளைச் சுவரில் சாத்தும் சத்தம் கேட்டது. ஞானேஸ்வரிக்கு அந்த மண்டபமோ பூவோ நினைவுக்கு வரவில்லை. கோண்டாவிலில் அம்மா தபால்காரனின் மணியைக் கேட்டுப் வாசல் படலைக்கு வருவதுதான் வந்தது. அம்மாவுக்கு என்ன எழுதுவது என்று யோசித்தாள். பிறகு யோசிப்பதை நிறுத்தினாள்.

“இக்கெ ட்வுங்கெட்,” என்றாள் அதிகாரியைப் பார்த்து. கட்டாயம் இல்லை. அதற்கு மேல் அவளிடம் டேனிஷ் இல்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி, மீண்டும் போட்டுக்கொண்டார். கோபம் போலவும் இல்லை. தாளை இயந்திரத்துக்குள் திரும்பச் செருகி, கார்பன் பிரதிகள் விலகாமல் ஓரங்களைத் தட்டிச் சரிசெய்து, அந்த வரிவரை உருட்டினார். ட்வுங்கெட் என்ற சொல்லின் தொடக்கத்துக்கு வந்து, அதன் மேலேயே எக்ஸ் எழுத்தை அடிக்கத் தொடங்கினார். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அடி. அடித்து முடித்ததும் விரல்களை விசைகளின் மேல் வைத்தபடி, சரி, அப்படியானால் எப்படி என்று சேதுராமனைப் பார்த்தார். சேதுராமன் ஞானேஸ்வரியைப் பார்த்தார். அவள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எக்ஸ்களின் வரிசைக்கு மேலே சொல்லின் முதலிலும் கடைசியிலும் இருந்த டீ எழுத்துகளின் தலைகள் நீட்டிக்கொண்டிருந்தன. கீழே ஜீ எழுத்தின் வால் தொங்கியது. கொஞ்சம் கவனித்தால் யாரும் அந்தச் சொல்லை வாசிக்கலாம்.