தெரியாமல் இருந்த நாட்கள்

ஐம்பத்தேழாம் ஆண்டு எங்கள் வீட்டில் நெருப்புக்காய்ச்சல் வந்தது. முதலில் என் கணவர் ஸக்கரியாவுக்கு. ஐந்தாம் நாள் எனக்கு. அவரைக் கார் பிடித்துக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பலாபத்வல வீட்டில் நான் கிடந்தேன். இரத்தோட்டையிலிருந்து என் ராத்தா, எனக்கு நேர் மூத்தவள் நூருன்னிஸா, பார்த்துக்கொள்ள வந்தாள்.

காய்ச்சல் விட்டபோது முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கவும் கை எழவில்லை. கட்டிலை விட்டு இறக்க வேண்டாம், மனசு அலையாமலிருக்கக் கைக்கு மட்டும் சின்ன வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். ராத்தா கராம்பைச் சுளகில் போட்டு மடியில் வைத்தாள். பூ ஒரு பக்கம், காம்பு ஒரு பக்கம். பத்துக் காம்பு கிள்ளியதும் கண்ணை மூடிக்கொள்வேன். பிறகு ஒரு மணி நேரம் உட்கார முடிந்தது. பழைய பத்திரிகையில் படம் மட்டும் பார்த்தேன், எழுத்து நடுங்கியது.

அவர் வரும்போது வாசலில் எழுந்து நிற்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் அவசரம்.

"அவரு எப்ப வாராரு ராத்தா?"

"முதல்ல நீ கஞ்சியக் குடி. கொக்கு மாதிரி ஈக்கிறாய்."

"கொக்குன்னாலும் அவரு கட்டின கொக்குத்தானே" என்று சிரித்தேன். அவள் சிரிக்காமல் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அவர் சட்டைக்குப் பொத்தான் தைக்கிறேன் என்றேன். கண்ணுக்கு வேலை வேணாம் என்றாள். கை மெலிந்து கழன்று விழுகிறதென்று வளையலை எடுத்து வைத்தாள். காய்ச்சல் உடம்புக்கு வெள்ளைதான் குளிர்ச்சி என்று வெள்ளைச் சீலை உடுத்தினாள். அறை வாசலில் ஈ வராமலிருக்க என்று ஒரு வெள்ளைத் துணி. எல்லாவற்றையும் நம்பினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் தம்பி ஜமால்தீன் பாண் கொண்டுவந்தான். முன்பெல்லாம் குசினி வாசலில் நின்று தேத்தண்ணிக்குக் கத்துகிறவன், அன்று துணிக்கு அப்பால் நின்றுவிட்டான்.

"சொகமா மதினி?"

"என்ன தம்பி, புது மாப்பிள்ள மாதிரி வெக்கம்? உள்ள வாங்க."

செருப்புச் சத்தம் விலகிப் போனது.

துணியைப் பார்த்தேன். சீலையைப் பார்த்தேன். வெறுங்கையைப் பார்த்தேன். வாப்பா மவுத்தான பிறகு உம்மா, கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்தபோது, வேற்று ஆண்கள் கண்ணில் படாமல் இப்படித்தான் இருந்தார்.

"ராத்தா, எப்ப?"

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "கொண்டுபோன மூணாம் நாள். சொன்னா நீயும் போயிருவாய்னு டாக்டர் பயந்தாரு. மவுத்தாகி இன்டைக்கு முப்பத்தொரு நாள்."

பள்ளிவாசல் லெப்பை வந்து துணிக்கு வெளியே நின்று சொன்னார்: "தெரியாம இருந்த நாளும் இத்தாவுல சேரும் மகள். மவுத்தான நாள்லேருந்துதான் கணக்கு."

அந்தக் கணக்குப்படி இத்தா முடிந்த காலையில் ராத்தா கலர்ச் சீலை ஒன்றைக் கட்டிலில் வைத்தாள். "வெளிய கொஞ்சம் நடந்து பாரு. ஒடம்பு தேறிட்டுதே."

"இன்னும் முப்பத்தொரு நாள் இருக்கப்போறேன்."

"மார்க்கத்துல அப்பிடி இல்லடி."

"தெரியும்."

அவள் அழுதாள். பிள்ளைகளை எத்தனை நாள்தான் விட்டிருப்பாள்; மறுநாள் பஸ் ஏறினாள்.

சமைக்க, தண்ணீர் எடுக்க எனக்குப் பலம் இருந்தது. ஆறுதல் சொல்ல யாரும் வரவில்லை. வர வேண்டியவர்கள் எல்லாம், நான் கஞ்சி கேட்டுக்கொண்டிருந்த நாட்களிலேயே முன்னறையில் வந்து சத்தமில்லாமல் அழுதுவிட்டுப் போயிருந்தார்கள்.