திங்கட்கிழமை அரைநைட்

திங்கட்கிழமை அரைநைட் ஷிப்ட்டில் தவசிமுத்து மெஷினை நிறுத்திவிட்டுத் தூங்கியதாக யாரோ போட்டுக்கொடுத்திருந்தார்கள். மேனேஜர் சுப்புராஜ் கம்ப்யூட்டரைக் கேட்டார். இராஜபாளையத்து அந்த நூற்பாலையில் எந்த மெஷின் யார் அடையாள அட்டையில் எப்போது ஓடியது என்பதெல்லாம் தானாகவே டேட்டாபேஸில் ஏறிவிடும். போன மாதம் வாங்கிய புது மென்பொருளில் திங்கள் இரவு பன்னிரண்டிலிருந்து காலை எட்டுவரை, அரைநைட் நேரம் முழுவதும், ஒரு வரிகூட இல்லை. ஆளை வேலையைவிட்டு அனுப்புவதுதான் பாக்கி.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஜோயல்தான் மில்லின் கம்ப்யூட்டர் ஆள். அதே டேட்டாபேஸைத் தன் பழைய மென்பொருளில் திறந்து, திங்கட்கிழமை முழுவதையும் கேட்டான். அதில் தவசிமுத்து இருந்தார். ஆனால் மாலை ஆறரைக்கே மெஷினை ஓட்டத் தொடங்கியிருந்தார்.

“அந்நேரம் வீட்ல சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன் சார்,” என்றார் வாசலில் நின்ற தவசிமுத்து.

“ஒண்ணு ஆளே இல்லைங்குது, இன்னொண்ணு இல்லாத நேரத்துல இருக்காங்குது. எம்புட்டு நேரம்லே மல்லுக்கட்டுவ?” என்றார் சுப்புராஜ்.

ஜோயலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேதியை மாற்றி மாற்றி அடித்தான். இரண்டு சனியன்களும் பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில்தான் உறைத்தது: பழையது காட்டுவது லண்டன் பக்கத்து கிரீன்விச் நேரம். இந்திய நேரத்துக்கு மாற்ற ஐந்தரை மணி கூட்டினான். நள்ளிரவு பன்னிரண்டு வந்தது. அப்படியானால் செவ்வாய்க்கிழமை.

“செவ்வாயா? அது திங்கக்கிழமை டூட்டியில்லா!” என்றார் தவசிமுத்து.

ஜோயல் தலையில் அடித்துக்கொண்டான். மில்லுக்கு நாள் பிறப்பது காலை எட்டு மணிக்கு. அரைநைட் எப்போதும் முந்தின நாள் கணக்கு. புது மென்பொருள் அதைக் கண்டதா? அதற்கு நள்ளிரவோடு நாள் மாறிவிடும். மேனேஜர் பார்த்தது திங்கள் விடியற்காலை, அதாவது ஞாயிற்றுக்கிழமை அரைநைட். ஞாயிறு மில்லுக்கு லீவு. மெஷின் எப்படி ஓடும்?

புதியதில் செவ்வாய் என்று திருத்தினான். தவசிமுத்துவின் வேலை வரிவரியாக இறங்கியது.

“சரி, போய் வேலையப் பாரு,” என்றார் சுப்புராஜ், தவசிமுத்துவின் முகத்தைப் பார்க்காமல்.

தவசிமுத்து நகரவில்லை. “போன மாசம் விஜயபாண்டியையும் இதக் காட்டித்தான சார் அனுப்புனீங்க? அவனுக்கும் திங்கக்கிழமை அரைநைட்தான்.”

ஜோயல் அந்த வாரத்துச் செவ்வாயை அடித்தான். விஜயபாண்டியின் மெஷின் விடியும்வரை நிற்காமல் ஓடியிருந்தது.

“இத அவன் பொண்டாட்டிகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க சார்,” என்றார் தவசிமுத்து மேனேஜரிடம். “தூங்கலன்னு அவன் சொன்னா அவ நம்ப மாட்டேங்கா.”