சத்தத்துக்கு முன்னால் ஒரு டிக்

அந்த மருத்துவமனையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாருமில்லை. டாக்டரில் தொடங்கி வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்துபவர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் காதுக்காரம்மா. காது எவ்வளவு கேட்கிறது என்று பரிசோதித்துச் சொல்வதுதான் வேலை. சுவரெல்லாம் பஞ்சு வைத்து அடைத்த ஒரு குட்டி அறை, அதற்கு ஒரு கண்ணாடி ஜன்னல். உள்ளே ஹெட்போன் மாட்டிக்கொண்டு நோயாளி, வெளியே கம்ப்யூட்டர் முன்னால் அவள். சத்தம் கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். பதினொரு வருஷமாக அவளுக்கு இதுதான் பிழைப்பு.

சத்தம் எழுப்பும் மென்பொருளுக்கும் அதே வயசு. அதைச் செய்து கொடுத்த கம்பெனி எப்போதோ கடையை மூடிவிட்டுப் போய்விட்டது. ஒரு திங்கட்கிழமை காலை, அது ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரும் ஒரேயடியாகக் கண்ணை மூடியது. டாக்டர் புதுசு ஒன்றை இறக்கினார். பழைய மென்பொருளோ அதில் ஏறவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. வெளியே பெஞ்சில் ஏழு பேர் காத்திருந்தார்கள்.

பக்கத்துத் தெரு ரிப்பேர் கடைக்காரர் வந்தார். தலையைச் சொறிந்தார். பிறகு முகம் மலர்ந்தார்.

"இதுக்கு ஒரு வழி இருக்குங்க. ஒரு குழு இருக்கு, ஆளுக்கொரு ஊருல உக்காந்துக்கிட்டு சும்மாவே செய்றாங்க. உங்க பழைய மென்பொருளத் தொட மாட்டாங்க. அது என்ன கேட்டாலும், பழைய கம்ப்யூட்டர் என்ன பதில் சொல்லுமோ அதே பதிலச் சொல்ற மாதிரி நடுவுல ஒண்ண எழுதி வெச்சிருக்காங்க. சத்தம் போடுன்னா போடும், படம் காட்டுன்னா காட்டும்."

"அப்போ அது இன்னும் பழைய கம்ப்யூட்டர்லதான் இருக்கோம்னு நெனச்சுக்குமா?"

"ஆமாங்க. நல்லதுக்குத்தான ஏமாத்துறோம்."

மத்தியானத்துக்குள் பழைய திரை அப்படியே உயிர்பெற்று வந்தது. அவள் அளவுக்கருவியை வைத்துச் சத்தத்தின் அளவைப் பார்த்தாள். எல்லாம் சரி. அன்றும் மறுநாளுமாக ஒன்பது பேரைப் பரிசோதித்து அனுப்பினாள்.

புதன்கிழமை அவள் மாமனார் வந்தார். முப்பது வருஷம் லேத் பட்டறையில் நின்ற மனிதர். கனத்த சத்தமெல்லாம் நன்றாகக் கேட்கும். கீச்சென்ற சத்தம் எதுவும் காதில் விழாது. வீட்டில் கதவைத் தட்டினால் எழுந்து வருவார், மணியடித்தால் அசைய மாட்டார். வருஷத்துக்கு ஒருமுறை அவரைப் பரிசோதித்துப் பரிசோதித்து, அவர் காதின் வரைபடம் அவளுக்கு மனப்பாடம்.

அன்றைக்கு அவர் எல்லாவற்றுக்கும் அழுத்தினார். மிக உயர்ந்த சுருதியை மெல்லிசாக வைத்தாள். அதற்கும் அழுத்தினார். இன்னும் குறைத்தாள். கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, இதோ என்று அழுத்தினார்.

"எப்படி?" வெளியே வந்தவருக்கு வாயெல்லாம் பல். "காது தேறிடுச்சா?"

"பாக்கலாம் மாமா" என்று மட்டும் சொன்னாள். அதற்குள் அவர் போனை எடுத்து மச்சானைக் கூப்பிட்டுவிட்டார். "ஏய், எனக்குக் காது சரியாயிடுச்சுடா! நீதான் செவிடு இனிமே!"

அவர் போனதும் அவளே உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தாள். ஒரு கட்டத்தில் சத்தம் கரைந்தே போயிற்று. ஆனால் அது தொடங்க வேண்டிய இடத்தில், நகம் கண்ணாடியில் பட்டது போல, ஒரு சின்ன டிக். மறுபடி வைத்தாள். மறுபடி டிக். பழைய கம்ப்யூட்டரில் இது கிடையாது. சத்தம் மெதுவாக எழும்பி வரும், வந்ததே தெரியாது.

மாமனார் சத்தத்தைக் கேட்கவேயில்லை. டிக்கில் கனத்த சத்தமும் கலந்திருக்கும், அதைக் கேட்டுத்தான் அழுத்தியிருக்கிறார். அப்படியானால் அந்த ஒன்பது பேர்?

டாக்டரிடம் போய்ச் சொன்னாள். "எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா" என்றார் அவர், ஹெட்போனைக் கழற்றியபடி. "வெளிய பாரு, எத்தனை பேரு நிக்கிறாங்கன்னு."

"நிக்கட்டும் சார். தப்பாப் பாத்து அனுப்புறதுக்கு, பாக்காமலே அனுப்பிடலாம்."

அவர் ஹெட்போனை மேஜையில் வைத்தார். பிறகு, வந்தவர்களை வேறு மருத்துவமனைக்கு அனுப்பச் சீட்டு எழுத ஆரம்பித்தார்.

ஒன்பது பேருக்கும் அவளே போன் செய்து, அந்த முடிவை நம்ப வேண்டாம், மெஷின் சரியானதும் திரும்பப் பார்க்கலாம் என்றாள். எட்டுப் பேர் சரியென்றார்கள். ஒருவர் கிரேன் ஓட்டுபவர், காது நன்றாக இருக்கிறது என்று அவளிடமே சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனவர். "நேத்துக் கேக்குதுன்னீங்க, இன்னைக்குக் கேக்கலைங்கிறீங்க. என் காதா, உங்க வாயா, எது சரியில்ல?" என்று முகத்தில் அடித்தாற்போல் கேட்டார்.

"என் மெஷின் சரியில்லைங்க. தப்பு என்னோடது. கீழ நிக்கிறவங்க கத்துறது உங்களுக்குக் கேக்கணும். அதனாலதான் கூப்பிடுறேன்."

"சரி, மெஷின் சரியானதும் சொல்லுங்க, வர்றேன்" என்றார் அவர்.

மறுநாள் காலை மாமனாரிடமும் சொன்னாள். அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப நான் பொய்ச் சாட்சி சொல்லிட்டேனா?"

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க மாமா. கேள்விதான் தப்பு."

அவர் போனை எடுத்தார், எண்ணை அழுத்தாமலே திரும்ப வைத்தார். மச்சானிடம் என்ன சொல்வது என்ற யோசனையாக இருக்கலாம்.

அன்று சாப்பாட்டு இடைவேளையில் அந்தக் குழுவின் பக்கத்தைத் தேடிப் பிடித்தாள். புதியவர்கள் முதலில் தங்களைப் பற்றி இரண்டு வரி எழுத வேண்டும் என்றிருந்தது. அங்கே யாரும் சொந்தப் பெயரில் இல்லை. அவள், "காதுக்காரம்மா. நிரல் எழுதத் தெரியாது. காது பரிசோதிக்கத் தெரியும்" என்று எழுதினாள். அதற்கு நேர் மேலே, அன்று காலைதான் சேர்ந்த இன்னொருவர் எழுதியிருந்தார்: "லிஃப்ட்காரன். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறேன். நிரல் அரைகுறையாகத் தெரியும். திட்டினால் கோபித்துக்கொள்ள மாட்டேன்."

நடந்ததையெல்லாம் விவரமாக எழுதிப் புகார்ப் பட்டியலில் சேர்த்தாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. சத்தப் பகுதிக்குப் பொறுப்பானவள் எழுதியிருந்தாள். குழுவில் எல்லாரும் அவளைக் கறார் என்றே அழைத்தார்கள். அவளும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டிருந்தாள். "ஓட்டிப் பார்த்தேன். டிக் எதுவும் கேட்கவில்லை. புகார் மூடப்படுகிறது."

காதுக்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. பக்கத்தை மூடிவிட்டுக் கைகழுவப் போனாள். திரும்பி வந்தபோது லிஃப்ட்காரரிடமிருந்து ஒரு செய்தி காத்திருந்தது. "மேடம், எனக்கும் கேக்கல. ஆனா நீங்க பதினொரு வருஷமா இதையே கேக்குறீங்க. பேசலாமா?"

பேசினார்கள். பின்னால் எங்கோ இரும்புக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஏதோ கட்டடத்தில் வேலைக்கு நடுவே பேசினார்.

"சத்தம் எப்படி வரணும் மேடம்?"

"மெதுவா எழும்பி வரணுங்க. இப்போ குதிச்சு வருது."

"லிஃப்ட் கெளம்பும்போது தூக்கிப் போடுற மாதிரியா?"

"அதேதான்!"

"அப்ப கெளம்புற இடத்துலதான் கோளாறு. அதை விடுங்க, நான் பிடிக்கிறேன்."

இரண்டு நாளில் ஒரு படம் அனுப்பினார். வெளியே வருகிற சத்தத்தை அப்படியே பதிவு செய்து கோடாக வரைந்திருந்தார். சாய்ந்து ஏற வேண்டிய கோடு, கத்தியால் நறுக்கியது போல் செங்குத்தாக நின்றது. சத்தம் போடும் பாகம் விழித்துக்கொள்வதற்குள் முதல் சில துளிச் சத்தம் கொட்டிப்போகிறது. மெதுவாக எழும்புகிற பாகமே அந்தத் துளிகளில்தான் இருக்கிறது. இதுதான் விஷயம்.

அவள் படத்தைச் சேர்த்துப் புகாரைத் திரும்பத் திறந்தாள். கீழே ஒன்றும் எழுதினாள்: "நீங்கள் சத்தமாக வைத்துக் கேட்டிருப்பீர்கள். அப்போது டிக் அந்தச் சத்தத்தில் மறைந்துவிடும். சத்தம் கேட்காதவருக்குத்தான் டிக் தனியாகக் கேட்கும். இங்கே வருகிறவர்கள் எல்லாரும் அவர்கள்தான்."

இந்த முறை கறாரின் பதில் வர ஒருநாள் ஆனது. "நான் தப்பாக மூடிவிட்டேன். மன்னிக்கவும். திருத்தம் அனுப்புங்கள், பார்க்கிறேன்."

கறார் என்ற பெயர் சும்மா வரவில்லை. லிஃப்ட்காரர் அனுப்பிய முதல் திருத்தம் ஒவ்வொரு சத்தத்துக்கும் முன்னால் கொஞ்சம் மௌனத்தைச் சேர்த்தது. டிக் போயிற்று. ஆனால் மற்றவர்களின் மென்பொருளிலெல்லாம் சத்தம் பிந்தி வரும் என்று திருப்பி அனுப்பிவிட்டாள். இரண்டாவதில், கோளாறு மறுபடி வந்தால் தானாகக் காட்டிக்கொடுக்கும் சோதனை இல்லை. மூன்றாவதில் எல்லாம் இருந்தது. ஆனால் நாற்பது வரியில் முடிவதை நூற்றிருபதுக்கு இழுத்திருந்தார்.

"கோபிச்சுக்க மாட்டேன்னு எழுதினது தப்பாப் போச்சு மேடம்" என்றார் லிஃப்ட்காரர். ஆனாலும் விடவில்லை.

சனிக்கிழமை காலைகளில் குழுவினர் இணையத்தில் குரல்வழியாகக் கூடிப் பேசுவார்கள். அப்போதுதான் கறாரின் குரலை முதலில் கேட்டார்கள். லிஃப்ட்காரரின் மகள் வயதுகூட இராது. "சார், ஒவ்வொரு தடவையும் நீங்க சரியாத்தான் போறீங்க. நான் ஏன் திருப்பி அனுப்புறேன்னா, இது ஒரு தடவை உள்ள போயிடுச்சுன்னா எங்கெங்க ஓடும்னு எனக்கே தெரியாது."

"தெரியும்மா" என்றார் அவர். "நான் கையெழுத்துப் போட்ட லிஃப்ட்ல யார் யாரோ ஏறுறாங்க."

ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு காது தேவைப்பட்டது. டிக் மட்டும் கேட்கிற, சத்தம் கேட்காத காது. மாமனார் தானாகவே முன்வந்தார். மத்தியானம் ஒரு மணிக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு, "டூட்டிக்குப் போறேன்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் பஸ் ஏறி வருவார். முதல் திருத்தத்தில் அவர் அழுத்தவில்லை. இரண்டாவதில் ஒரே ஒரு முறை அழுத்தினார். லிஃப்ட்காரர் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு அந்த ஓட்டையை அடைத்தார். மூன்றாவது திருத்தம் சுத்தமாக இருந்தது, வளவளவென்று இருந்ததைத் தவிர.

நான்காவது ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அதுவரை மெல்லிய சத்தங்களை மட்டுமே வைத்துப் பார்த்தவள், இந்த முறை முழுப் பரிசோதனையையும் செய்தாள். அவள் மிக உயர்ந்த சுருதியிலிருந்து ஆரம்பித்தாள். ஜன்னலுக்குள் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்தது. அவள் மெல்லிசாக வைத்தாள். விரல் அசையவில்லை. கூட்டினாள். அசையவில்லை. இன்னும், இன்னும். வெளியே இருக்கும் தனக்கே கேட்கிற அளவுக்குக் கூட்டினாள். கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, அவர் முழுக் கவனத்தோடு காத்துக்கொண்டே இருந்தார்.

இதைத்தான் ஆறு வாரமாக எதிர்பார்த்திருந்தாள். திருத்தம் வேலை செய்கிறது. ஆனாலும் அவள் இன்னும் ஒரு படி கூட்டிப் பார்த்தாள்.

அவர் ஹெட்போனை ஒரு பக்கம் தூக்கினார். "என்னம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா?"

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய் அவர் எதிரில் குனிந்தாள். "முடிஞ்சிடுச்சு மாமா. நல்லா வந்திருக்கு."

அவருக்குப் புரிந்தது. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதன் மெத்தையைக் கொஞ்ச நேரம் தடவினார். "அப்ப நான் பாஸா, ஃபெயிலா?"

"ரெண்டும்."

"சரிதான்" என்று சிரித்தார். "மீதியையும் வை. தாழ்ந்ததெல்லாம் எனக்கு நல்லாக் கேக்கும், பாரு." கேட்டது. வரைபடம் போன வருஷத்தோடு கோடு மாறாமல் பொருந்தியது.

திங்கட்கிழமை காலை கறார் திருத்தத்தை ஏற்றுக்கொண்டாள். "எழுதியவர்: லிஃப்ட்காரர். கண்டுபிடித்தவர்: காதுக்காரம்மா. சோதித்தவர்: அவர் மாமனார்" என்று குறிப்பில் இருந்தது. அதை அச்செடுத்துக் கொடுத்ததும் மாமனார் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மச்சானுக்குப் போன் போட்டு, காது சரியாகவில்லை என்பதையும், ஆனால் உலகத்தில் எங்கெங்கோ ஓடுகிற கம்ப்யூட்டருக்குள் தான் இருப்பதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

அந்த வாரமே ஒன்பது பேரையும் இலவசமாகத் திரும்பப் பார்த்தாள். ஆறு பேருக்கு வித்தியாசமில்லை. மூன்று பேருக்குக் குறை இருந்தது, கிரேன் ஓட்டுபவர் உட்பட. அவருக்குக் காதுக்கருவி பொருத்தி, இரண்டு மாதம் தரையில் வேலை பார்க்கும்படி டாக்டர் எழுதிக் கொடுத்தார். போகும்போது அவர் அவள் மேஜைக்கு முன்னால் நின்று, "அன்னைக்குக் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன்" என்றார்.

"கேட்டுச்சுங்க" என்றாள் அவள். அவர் சிரித்துவிட்டார்.

பெஞ்சில் அன்றும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு அடுத்தவரை உள்ளே கூப்பிட்டாள்.