எஸ்ஸுக்கு முன்னாலா, பின்னாலா?

1

இந்தக் கதை ஒரு கக்கூஸ் கதவில் பிறந்தது. மறைத்துப் பயனில்லை. ராயபுரத்துக்கு வடக்கே ஒரு மீன் ஏலக்கூடம், எதுவென்று கேட்காதீர்கள்.

'விடியற்காலைக் கடல் வெள்ளியை உருக்கி ஊற்றியதுபோல்...' என்றுதான் முதலில் ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். பவுனம்மாளுக்குக் கடலைப் பார்க்க நேரமில்லை. அவளுக்கு அவசரம்.

2

பவுனம்மாள் அங்கே மீன் விற்கிறவள். பெண்களுக்கென்று கழிப்பறை கட்டி, நீலப் பலகையில் இங்கிலீஷில் 'லேடீஸ்' என்று எழுதி, பூட்டும் போட்டிருந்தார்கள். சாவி சூப்பர்வைசர் பொன்ராஜிடம். எப்போதாவது ஆய்வுக்கு வரும் பெண் அதிகாரிக்கு மட்டும் கதவு திறக்கும். மற்றவர்களெல்லாம் பாறைகளுக்குப் பின்னால், ஒருத்தி சேலையை விரித்துப் பிடிக்க, இன்னொருத்தி

(இந்த வாக்கியத்தை முடிக்க மனசு வரவில்லை.)

3

இங்கேதான் தமிழ் என் காலை வாரியது. அந்த 'லேடீஸ்' இங்கிலீஷில் மூன்று விதம். வெறுமனே பல பெண்கள் என்றால் 'அபாஸ்ட்ரஃபி' என்கிற கொக்கி கிடையாது. ஒரு பெண்ணுடையது என்றால் எஸ்ஸுக்கு முன்னால், மேலே, சின்னதாக ஒரு கொக்கி. பல பெண்களுடையது என்றால் கொக்கி எஸ்ஸுக்குப் பின்னால். எழுத்தில்தான் வித்தியாசம், காதுக்கு மூன்றும் ஒன்று. தமிழில் எழுதினாலும் ஒன்று. ஆகவே பலகையை உங்களுக்குக் காட்ட முடியாது, சொல்லத்தான் முடியும்: பெயிண்டர் கொக்கியை முன்னால் போட்டிருந்தார்.

பவுனம்மாளுக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. ஓட்டல்காரர்களிடம் இங்கிலீஷில் பேரம் பேசவேண்டுமென்று, சர்ச் ஹாலில் ஜானட் நடத்தும் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"கொக்கி முன்னாடி இருந்தா ஒரே ஆளுதானா ஜானட்டு? நெசமா?"

"ஒரே ஆளுதான்க்கா."

"அப்போ நாங்கல்லாம் இன்னா?"

(மீன்காரி இலக்கணத்துக்காகச் சண்டைக்குப் போவாளா என்று எனக்கே சந்தேகம் வந்தது. போகமாட்டாள். அடிவயிற்று வலிக்காகப் போவாள்.)

4

மறுநாள் ஏலம் முடிந்ததும் கூடையை இறக்கிவைத்துவிட்டு நேரே பொன்ராஜிடம் போனாள். பின்னால் அவள் தோழி நர்மதா. நர்மதாவுக்குப் பின்னால் மொத்தப் பெண்களும்.

"நைனா, போர்டுல இன்னா எய்திக்கீது?"

"லேடீஸ்."

"அதான் இல்ல. ஒரே ஒரு பொம்பளைக்குன்னு எய்திக்கீது. யாரு அந்த ஒருத்தி? பேரச் சொல்லு, போய்க் கேக்கறோம்."

பொன்ராஜ் பலகையைப் பார்த்தார். போனில் எதையோ தட்டிப் பார்த்தார். காது சிவந்தது.

"அது... பெயிண்டர் தப்பும்மா."

"தப்புதான?"

"தப்புதான்."

"அப்போ எங்க அல்லாருக்கும்தான். தொற."

(அவர் போலீஸைக் கூப்பிடுகிற முடிவு ஒன்று எழுதினேன். நர்மதா மீன்வெட்டுக் கத்தியால் பூட்டை நெம்புகிற முடிவும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.)

இரண்டும் தேவைப்படவில்லை. சாவி திரும்பியது. எழுந்த கூச்சலில் கூரைமேலிருந்த காக்கைகளெல்லாம் பறந்தன. பவுனம்மாள் முதலில் நுழையவில்லை. நிறைமாதமாக நின்ற கீர்த்தியை முன்னால் தள்ளினாள். "நீ போடி மொதல்ல!"

5

'அடுத்த வாரம் பொன்ராஜ் புதுப் பூட்டோடு வந்து நின்றார்.' இப்படி ஒரு வாக்கியம் கைவசம் இருக்கிறது. அதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. அந்தப் பெண்களைத்தான் பார்த்துவிட்டீர்களே, மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு வேறு வேலை இருக்கிறது. வெயில் ஏறிவிட்டது. இத்தனை வருஷமாக வியாபார நேரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காத பவுனம்மாள், கடைக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்து, பெரிய பாட்டில் ஒன்றை அண்ணாந்து கவிழ்த்துக்கொண்டிருக்கிறாள். தண்ணீர் கழுத்தெல்லாம் வழிகிறது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.