முட்டிவலியும் ஒரு ஆயத்த ஆண்டும்

மூன்று ஆஸ்பத்திரிகளின் அழுக்குத்துணி மூட்டைகளை லாண்டரியில் இறக்கி, வேனைக் கழுவி நிறுத்திவிட்டுப் பெரியவன் வீடு வந்து சேர்ந்தபோது சாயங்காலம் நாலரை மணி. வீடு நான்காவது மாடியில். லிஃப்ட் போன மாதமே படுத்துவிட்டது. மூன்று மாடியும் மளமளவென்று ஏறியவன், கடைசித் திருப்பத்தில் வழக்கம்போல வலது காலை லேசாக இழுக்க ஆரம்பித்தான். ஐந்து வருடப் பழக்கம். இப்போதெல்லாம் யோசிக்காமலே வந்துவிடும். சில நாள் அசதியில் இடது காலை இழுத்துத் தொலைத்ததும் உண்டு. நல்ல வேளையாக யாரும் கவனிக்கவில்லை.

கதவு திறந்து கிடந்தது. அதே லாண்டரியில் துணி மடிக்கும் வேலை பார்க்கிற அம்மா, சீருடையைக்கூட மாற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த தங்கை, அதாவது சின்னவள், ஒரு கடிதத்தைக் கொடி மாதிரி ஆட்டிக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, வந்துடுச்சு! அகாடமியிலேருந்து. எடுத்துட்டாங்க!"

ராணுவ அதிகாரிகளைத் தயார் செய்கிற அகாடமி அது. அவள் அதை அவனிடம் படிக்கக் கொடுத்தாள். முதல் பக்கம் பாராட்டு. இரண்டாம் பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் மட்டும் டிக் அடித்துப் பத்து நாளுக்குள் அனுப்ப வேண்டும். முதல் கட்டம், நேரடிச் சேர்க்கை. இரண்டாவது, ஓர் ஆயத்த ஆண்டு: அகாடமியை ஒட்டிய பள்ளியில் ஒரு வருடம் கணக்கும் அறிவியலும் உடற்பயிற்சியும், தேறினால் அடுத்த வருடம் அகாடமி. அதற்குக் கீழே ஒரு வரி. 'விண்ணப்பதாரரின் கணித மதிப்பெண்ணைக் கருத்தில் கொண்டு, தேர்வுக்குழு ஆயத்த ஆண்டைப் பரிந்துரைக்கிறது, முடிவு விண்ணப்பதாரருடையது.'

அந்த வரியைப் பெரியவன் படிக்கவே வேண்டாம், மனப்பாடமாகச் சொல்லுவான்.

"இதென்ன ஆயத்தம்? சின்னப் பிள்ளைங்களுக்குப் பால்வாடி மாதிரியா?" என்று சின்னவள் சிரித்தாள். "முதல் கட்டம்தான். ஏற்கெனவே ரெண்டு வருஷமா ஓடு ஓடுன்னு ஓடி, படி படின்னு படிச்சு உசிரு போச்சு. இன்னும் ஒரு வருஷம் வாசல்ல நிக்க என்னால ஆகாது."

"நீதானேடா அங்க இருந்துட்டு வந்தவன். நீ சொல்லு" என்றாள் அம்மா.

"அவ இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் பெரியவன் முகம் கழுவப் போனான். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் சும்மா நின்றான்.

பத்தொன்பது வயதில் அவனுக்கும் இதே கடிதம் வந்தது. இதே இரண்டு கட்டங்கள். அப்பா போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகியிருந்த வீட்டில், அம்மா அந்த முதல் பக்கத்தை எடுத்துக்கொண்டு கட்டிடம் முழுக்க, கதவு கதவாகத் தட்டிக் காட்டிவிட்டு வந்தாள். இரண்டாம் பக்கத்தை அவன் காட்டவே இல்லை. முதல் கட்டத்தில் டிக் அடித்துத் தபாலில் சேர்த்துவிட்டான்.

அங்கே ஓட்டத்தில் அவன்தான் முதல். கயிறு ஏறுவதிலும் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. வகுப்பில்தான் தலை தொங்கியது. கணக்கு வாத்தியார் மூன்று கரும்பலகைகளை வரிசையாக நிரப்பிக்கொண்டே போவார். மூன்றாவதை இவன் எழுதி முடிப்பதற்குள் முதலாவதை அழித்துவிட்டு, "இது உங்களுக்குத் தெரிந்ததுதான்" என்பார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். விடியுமுன் எழுந்து ஓடிவிட்டு வந்த உடம்பு, பேனா பிடித்தபடியே தூங்கிவிடும். நான்காவது மாதம் முடிவதற்குள் இரண்டு தேர்வில் கோட்டைவிட்டான். விலகல் படிவத்தில் காரணம் என்று ஒரு கோடு இருந்தது. 'கல்வி' என்று ஒரே வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

ஊர் திரும்பும் பஸ்ஸில்தான் முட்டிவலி உதித்தது. கணக்கில் தோற்றேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே நொண்டிக்கொண்டு இறங்கினான். அம்மா ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டாள். அத்தோடு விஷயம் முடிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பொய்யைக் கட்டிக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடாக இருந்தது. கட்டிடத்தில் எல்லோரும் பாவப்பட்டு 'கேப்டன்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வேன் ஓட்டும் வேலைக்குச் சேர்ந்தபோது லாண்டரி முதலாளி, "மூட்டை தூக்க முட்டி தாங்குமா கேப்டன்?" என்று கேட்டார். "சமாளிச்சுக்கலாம் சார்" என்றான். ஐந்து வருடமாகச் சமாளித்தான். மூட்டை ஒரு பக்கம், முட்டி ஒரு பக்கம். மூட்டையை இறக்கி வைக்கவாவது ஓர் இடம் இருந்தது.

அடுத்த நாலைந்து நாளில் அவன் சுற்றி வளைத்துப் பார்த்தான். "ஒரு வருஷம்தானே, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிடும்" என்றான். "கணக்கு கொஞ்சம் கெட்டிப்படும்ல" என்றான். சின்னவள் பிடி கொடுக்கவில்லை. ஆறாவது நாள், துணிப்பையில் சாமான்களை அடுக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏண்ணா, நீ மட்டும் நேரா போகலாம், நான் போகக் கூடாதா? முட்டி மட்டும் போகலைன்னா நீ இன்னைக்கு ஆபீசர். உன்னால முடிஞ்சது என்னால முடியாதுன்னு நினைக்கிறியா? இல்ல, நான் போறது உனக்குப் பொறுக்கலையா?"

லாண்டரியில் அம்மா ஏற்கெனவே மடிப்பு மேசை முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அங்கே வேலை பார்க்கிற பெண்கள் வெளுத்த படுக்கைவிரிப்பை ஆளுக்கொரு முனை பிடித்து உதறும்போதெல்லாம், "ஆபீசரம்மா, நல்லா இழுத்துப் பிடிங்க!" என்று அம்மாவைக் கேலி செய்தார்கள். அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது.

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. சின்னவள் பேனாவை எடுத்துக்கொண்டு படிவத்தோடு உட்கார்ந்தாள். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மா, "நல்லா அழுத்தி அடிடி" என்றாள்.

பெரியவன் எழுந்து நின்றான்.

"என் முட்டிக்கு ஒண்ணும் ஆகலை."

"இப்போ தேவலையா?" என்றாள் அம்மா, திரும்பாமலே.

"இப்போ இல்லம்மா. எப்பவுமே ஒண்ணும் ஆகலை. கணக்குல ஃபெயிலு. ரெண்டு பரீட்சை. நானே எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன். எனக்கும் இந்த மாதிரியே ரெண்டு கட்டம் வந்துச்சு. உங்க யாருக்கும் காட்டலை."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. சின்னவள் பேனாவை மூடினாள். அவள் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

"உக்காரு" என்றாள்.

"என்ன?"

"குத்துக்கால் போட்டு உக்காந்து எந்திரி. பாக்கிறேன்."

அவன் உட்கார்ந்தான். எழுந்தான். அவள் விரல்விட்டு எண்ணினாள். ஏழு, எட்டு, ஒன்பது. மடங்கவே மடங்காது என்று அந்த வீடு நம்பியிருந்த கால் புத்தம்புதுக் கீல் மாதிரி மடங்கி நிமிர்ந்தது. பதினைந்தில் அம்மா, கரண்டி பிடித்த ஈரக்கையோடு, "போதும்டா" என்றாள்.

"மூணு மாசம்" என்றாள் சின்னவள். "பள்ளிக்கூடம் விட்டு வந்து தினம் வெந்நீர் வெச்சு ஒத்தடம் கொடுத்தேன். தைலம் தேச்சேன். கையெல்லாம் அந்த நாத்தம். வகுப்புல பக்கத்துல உக்கார மாட்டேன்னு சொன்னாளுங்க. நீ 'ஸ்ஸ், ஆ'ன்னு முனகுவ!"

"ஆமா."

"எதுக்கு முனகின?"

சின்னவள் படிவத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அம்மா குழாயை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "தோத்துட்டேன்னு சொல்லியிருந்தா நான் என்ன உன்னை வீட்டை விட்டா துரத்தியிருப்பேன்?"

"மாட்டம்மா. தெரியும்."

"அப்புறம் எதுக்குடா?"

"நீ எல்லார் வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லியிருந்த. மறுபடியும் போய் எப்படித் தட்டுவ?"

அம்மா எழுந்தாள். பிறகு, "எத்தனை டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போனேன்" என்று மட்டும் தனக்குத்தானே முனகிக்கொண்டு, விட்ட பாத்திரங்களைத் துலக்கப் போனாள். அன்று சாயங்காலம் அவன் கடைக்குக் கிளம்பியபோது, "இனிமே ஒழுங்கா நட" என்றாள். ஒழுங்காக நடப்பதுதான் முதலில் கஷ்டமாக இருந்தது. மாடித் திருப்பம் வந்தால் கால் தானாக இழுத்தது.

மறுநாள் முழுக்கச் சின்னவள் அவனோடு பேசவில்லை. பத்தாம் நாள் காலை, அவன் வேனை எடுக்கும்போது வந்து பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். படிவம் மடியில் இருந்தது. தபால் ஆபீஸ் அவன் போகும் வழியில்தான். முதல் ஆஸ்பத்திரியில் வெளுத்த துணிகளை இறக்கும்வரை சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்ப ஏறியதும் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கிறேன். இதுலயாவது பொய் சொல்லாம சொல்லு. ஆயத்த வருஷம் போயிருந்தா நீ தேறியிருப்பியா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அதைச் சொன்னால் அவள் இரண்டாவது கட்டத்தில் அடித்துவிடுவாள், காரியம் முடியும். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி யோசித்தான்.

"தெரியலை" என்றான். "அப்பவும் தோத்திருக்கலாம். ஆனா மூணு போர்டு எழுதினதுல ஒரு போர்டாவது புரிஞ்சிருக்கும்னு தோணுது. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

அவள் தலையாட்டினாள். "நேத்து உன் பழைய கணக்கு நோட்டைப் பரண்லேருந்து எடுத்துப் பாத்தேன். முதல் வாரத்துக் கணக்கே எனக்கு ஒண்ணும் விளங்கலை. உட்கார்ந்து அழுதேன்." பின்னால் திரும்பி, ஒரு துணி மூட்டையின்மேல் படிவத்தை வைத்து, இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்தாள். பேனா துணியில் அமுங்கிப் படிவத்தில் சின்ன ஓட்டை விழுந்தது. "உனக்காக இல்ல, தெரிஞ்சுக்கோ."

"தெரியும்."

"கோவம் இன்னும் போகலை."

"அதுவும் தெரியும்."

லாண்டரியில் அம்மாவே சொன்னாள். மடிப்பு மேசையில் விரிப்பை உதறிக்கொண்டே, "அவ ஒரு வருஷம் கழிச்சுத்தான் ஆபீசருக்குப் படிக்கப் போறா. கணக்கு பத்தலை. எங்க வீட்டுல யாருக்குமே கணக்கு பத்தாது, பெரியவனும் அதுலதான் தோத்து வந்தான்" என்றாள். அப்புறம் எதிர் முனை பிடித்திருந்தவள், "என் மருமகனுக்குக் கூட்டலே வராது" என்றாள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. முதலாளி மட்டும் ஒரு வாரம் கழித்துப் பெரியவனைக் கூப்பிட்டு, "அப்போ அந்தக் கனமான மூட்டைகளையும் நீயே தூக்கலாமே" என்றார். அன்றிலிருந்து அதுவும் அவன் தலையில் விழுந்தது.

ஆயத்த ஆண்டு சின்னவளைச் சக்கையாகப் பிழிந்தது. ஞாயிறு மத்தியானம் பத்து நிமிடம் போனில் பேசலாம். பாதி நேரம் கொட்டாவிதான் கேட்கும். முப்பத்திரண்டு பேரில் ஒன்பது பேர் ஆறு மாதத்துக்குள் மூட்டை கட்டிவிட்டார்கள். ஏழாவது மாதம் அம்மாவிடம் பேச மாட்டேன் என்று சொல்லி அவனைக் கூப்பிடச் சொன்னாள்.

"அண்ணா, முடியலை. வந்துடட்டுமா?"

பின்னால் யாரோ எண்ணிக்கை சொல்லும் சத்தமும் பூட்ஸ் சத்தமும் கேட்டன. அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"வரணும்னா வா. நான் வேனை எடுத்துக்கிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன். ஆனா என்ன காரணமோ அதையே எழுதிக் கொடுத்துட்டு, அதையே சொல்லிக்கிட்டு வா. இங்க யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"இன்னைக்குக் கணக்குல பாஸ் மார்க்" என்றாள் அவள். "கணக்கால இல்ல. சும்மா அலுத்துப்போச்சு."

"எனக்கும்தான்" என்றான் அவன். அவள் களுக்கென்று சிரித்தாள். பத்து நிமிடம் முடிந்து லைன் போனது. அடுத்த ஞாயிறும் அங்கிருந்துதான் பேசினாள்.

வருடக் கடைசியில் தேறினாள். மார்க் பிரமாதமில்லை, நடுவாந்தரம். அகாடமியில் சேருகிற நாளன்று குடும்பத்தார் வந்து பார்க்கலாம் என்று எழுதியிருந்தார்கள். பெரியவனும் அம்மாவும் வேலையில் லீவு சொல்லிவிட்டு, ஆறு மணி நேரம் பஸ்ஸில் போய் இறங்கினார்கள். மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் குடும்பங்கள், அந்தப் பக்கம் வரிசை வரிசையாகத் தொப்பிகள். எல்லோருக்கும் ஒரே நீளத்தில் முடி, ஒரே மாதிரி முகவாய்.

"எங்கடா அவ?" என்றாள் அம்மா.

"ரெண்டாவது வரிசை, ஓரத்துல மூணாவது."

இருவரும் கையை ஆட்டினார்கள். அம்மா முந்தானையை எடுத்தும் ஆட்டினாள். வெயிலில் பத்து நிமிடம் விடாமல் ஆட்டினார்கள். அணி திரும்பி அவர்களைக் கடந்து போனபோதுதான், அது வேறு யாரோ பெண் என்று தெரிந்தது. அந்தப் பெண் தலையை அசைக்காமல், கண்ணை மட்டும் அவர்கள் பக்கம் திருப்பிவிட்டுப் போனாள். சின்னவள் நான்காவது வரிசையில், நேராகப் பார்த்தபடி போய்க்கொண்டிருந்தாள். அதற்குள் கை வலித்துப் போயிருந்தது. ஆனாலும் ஒரு தடவை தூக்கிக் காட்டினார்கள்.

"அந்தப் பொண்ணுக்கு யாரும் வரலையோ என்னவோ" என்றாள் அம்மா, திரும்பும் பஸ்ஸில். "ஆட்டினது நல்லதுதான்."

சொல்லி முடிப்பதற்குள் அவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். மறுநாள் ஐந்து மணிக்கு முதல் ஆஸ்பத்திரியில் மூட்டை எடுக்க வேண்டும். பெரியவன் அம்மா விழித்துக்கொள்ளாதபடி ஜன்னலை மெல்லச் சாத்தினான், தானும் கண்ணை மூடிக்கொண்டான்.